'சிலோனாக்கிட்டாங்க'ன்னு ஒரு ஜாவா வார்த்தை – வாசகர் கேள்வி பதில்

போன மாசம் ஒருத்தர் இந்தோனேசியா பிளேனுக்கு ஏன் கருடான்னு பேர் வச்சிருக்காங்கன்னு கேட்டிருந்தாரு. நானும் "அவங்க அரச சின்னமே கருடன் தான்"னு ஒரு வரியில பதில் போட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். அந்த ஒரு வரி பண்ணின வேலை, இந்த மாசம் வாட்ஸ்அப்லயும் தபால்லயும் வந்ததுல பாதிக்கு மேல இந்தோனேசியா கேள்வி தான். அதனால இந்தத் தடவை முழுக்க அதுவே. தேயிலைக்கொழுந்து சம்பல் எப்படி செய்யிறதுன்னு கேட்ட அக்கா ஒரு மாசம் பொறுத்துக்கங்க.

கொட்டகலையில இருந்து ஒரு ஏ.எல். மாணவி: உலகத்துலயே முஸ்லிம்கள் கூட இருக்கிற நாடு இந்தோனேசியான்னு படிச்சேன். அப்புறம் எப்படி கருடன் சின்னம்? யாரும் எதிர்க்கலையா?

மகள், அந்தக் கருடனை ஒரு தடவை உத்துப் பாருங்க. ஒரு செட்டையில 17 இறகு, வாலுல 8, கழுத்துல 45. சுதந்திரம் அறிவிச்ச நாள் 17-8-1945, அதைத்தான் இறகா எண்ணி வரைஞ்சிருக்காங்க. கால்ல ஒரு ரிப்பன் புடிச்சிருக்கும், அதுல 'பின்னேக்கா துங்கல் இக்கா'ன்னு எழுதியிருக்கும், பலதா இருந்தாலும் ஒண்ணு தான்னு அர்த்தம். அது 14ம் நூற்றாண்டுல ஜாவாவுல இருந்த மஜபாகித் ராஜ்ஜியத்துல எம்பு தந்துலார்னு ஒரு புலவர் எழுதின 'சுதசோமா' காவியத்துல வர்ற வரி. அவரு சொன்னது சிவனும் புத்தரும் வேற வேற மாதிரி தெரிஞ்சாலும் உண்மை ஒண்ணுன்னு, 600 வருசம் கழிச்சு அதே வரியை எடுத்து முஸ்லிம், கிறிஸ்தவன், இந்து, பௌத்தன், ஜாவாக்காரன், சுமாத்ராவுல இருக்கிற பத்தாக் இனத்துக்காரன் எல்லாருக்கும் பொதுவா மாட்டிட்டாங்க.

நூத்துக்கு 87 பேர் முஸ்லிம், சரி. ஆனா இஸ்லாம் அங்க பெரும்பாலும் துறைமுகம் துறைமுகமா, வியாபாரிங்க கூடவும் சூஃபி பெரியவங்க கூடவும் மெதுவா வந்துச்சு. வட சுமாத்ராவுல சமுத்ரா பாசாய்னு ஒரு ராஜ்ஜியம், அதோட சுல்தான் மாலிக் அல் சாலிஹ் இறந்தது 1297ல. ஜாவா முழுக்கப் பரவ இன்னும் ஒரு 200, 300 வருசம் எடுத்துச்சு. அப்படி வந்ததுனால பழசை யாரும் சுரண்டி எடுக்கல, அதுக்கு மேல பூசிட்டுப் போனாங்க. எனக்குப் புடிச்ச உதாரணம் மத்திய ஜாவாவுல குடுஸ்னு ஒரு டவுன். அங்க 16ம் நூற்றாண்டு பள்ளிவாசலோட மினாரா பார்த்தா செங்கல்லுல கட்டின இந்துக் கோயில் கோபுரம் மாதிரியே இருக்கும். அந்த ஊர்ல இஸ்லாத்தைப் பரப்பின சுனான் குடுஸ், இந்துக்கள் மனசு நோகக்கூடாதுன்னு மாடு அறுக்க வேணாம்னு சொன்னாராம், இன்னைக்கும் அந்த ஊர் முஸ்லிம்கள் மாட்டுக்குப் பதிலா எருமை அறுக்கிறது தான் வழக்கம். அங்க ஃபேமஸ் சூப்பே எருமை இறைச்சி சூப்பு தான்.

அதே ஜாவாவுல தான் 9ம் நூற்றாண்டு பொரோபுதூர், 504 புத்தர் சிலை. பஸ்ல போற தூரத்துல பிரம்பனான் சிவன் கோயில், சுவத்துல ராமாயணம். இதெல்லாம் எங்களோடது இல்லன்னு யாரும் சொல்றதில்ல. தாத்தா கும்பிட்டது வேற, நாங்க தொழுறது வேற, ஆனா தாத்தா எங்க தாத்தா தானேங்கிற மாதிரி.

தலவாக்கலை வாசகர்: நம்ம தோட்டத்துல ஆடுற அருச்சுனன் தபசு மாதிரி அங்கயும் கூத்து இருக்கா?

இருக்கு அண்ணே! இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு எங்க டிவிசன் ஞாபகம் வந்துருச்சு. லயத்துக்கு முன்னால தபசு மரம் நட்டு, குளிருக்குக் கம்பளியைப் போத்திக்கிட்டு நாங்க எல்லாம் உக்காந்திருப்போம், அருச்சுனன் வேசம் கட்டினவரு ஒரு படிக்கு ஒரு பாட்டு பாடிக்கிட்டே ஏறுவாரு, உச்சிக்குப் போய் அவரு எலுமிச்சம்பழம் எறியிறப்ப கீழ பொம்பளைங்க முந்தானையை விரிச்சுக்கிட்டு நிப்பாங்க, விடிய நாலு மணிக்கு நான் தூங்கிப் போயிருப்பேன்.

இதே கதையை ஆயிரம் வருசத்துக்கு முந்தி, 11ம் நூற்றாண்டுல, ஐர்லங்காங்கிற ராஜா காலத்துல எம்பு கன்வா பழைய ஜாவா மொழியில காவியமா எழுதியிருக்காரு, பேரு 'அர்ஜுனவிவாஹா'. இந்திரகீல மலையில அருச்சுனன் தவம், அதைக் கலைக்க தேவலோகப் பொண்ணுங்க வர்றது, சிவன் வேடனா வந்து பன்றிக்குச் சண்டை போடுறது, பாசுபதம் கொடுக்கிறது, எல்லாம் அப்படியே இருக்கு. அவங்க அதை ஆடுறது பொம்மையில. வாயாங்னு சொல்லுவாங்க. எருமைத் தோலைத் தட்டி, ஊசி ஓட்டை ஓட்டையா செதுக்கி, மாட்டுக்கொம்புல குச்சி வச்ச பொம்மை. வெள்ளைத் துணிக்குப் பின்னால விளக்கு. தாலாங்னு ஒரே ஒரு ஆளு தான் ராத்திரி முழுக்க உக்காந்து பீமனுக்கு ஒரு குரல், திரௌபதைக்கு ஒரு குரல்னு அத்தனைக்கும் அவரே பேசுவாரு, நடுவுல பக்கத்துல இருக்கிற மரப்பெட்டியில டொக்கு டொக்குன்னு தட்டி மேளக்காரங்களுக்கு சிக்னல் கொடுப்பாரு. ஜனங்க துணிக்கு இந்தப் பக்கமும் இருந்து பார்ப்பாங்க, அந்தப் பக்கமும் போய் பார்ப்பாங்க.

ஆனா கதையை அவங்க அவங்களோடதா மாத்திட்டாங்க, அது தான் விசயம். ஜாவா பாரதத்துல திரௌபதைக்கு அஞ்சு புருசன் கிடையாது, தருமருக்கு மட்டும் தான் பொஞ்சாதி. செமார்னு ஒரு தொந்தி வச்ச வேலைக்காரன் வருவான், வியாசருக்கு அவனைத் தெரியாது. பார்க்க நம்ம கூத்து பபூன் மாதிரி இருப்பான், ஆனா உண்மையில அவன் பெரிய தெய்வம், தப்பு செஞ்சா தேவர்களையே திட்டுவான். அங்க சின்னப்புள்ளைங்களுக்கு அருச்சுனனை விட அவனைத் தான் புடிக்கும். வாயாங்கை வச்சு இஸ்லாத்தைப் பரப்பினதே சுனான் கலிஜாகாங்கிற பெரியவர் தான்னு ஒரு கதையும் அங்க இருக்கு. சுதந்திரம் வாங்கின தலைவர் சுகர்ணோ பேரு கூட கர்ணன் தான். சின்ன வயசுல குஸ்னோன்னு பேரு, அடிக்கடி நோய்னு அப்பா கர்ணன் பேரை வச்சுட்டாரு.

பதுளை வாசகி: எங்க வீட்டுக்கு அடுத்த வீடு மலே குடும்பம். எங்க அம்மாயி அவங்களை 'ஜாவாக்காரங்க'ன்னு தான் சொல்லுவாங்க. அவங்க இந்தோனேசியாவா மலேசியாவா?

உங்க அம்மாயி சொன்னது தான் கிட்டத்தட்ட சரி, சிங்களத்துலயும் அவங்களை 'ஜா மினிஸ்ஸு'ன்னு தான் சொல்றாங்க. நம்ம நாட்டு மலே ஆளுங்கள்ல ரொம்பப் பேரோட முன்னோர் இன்னைக்கு இந்தோனேசியான்னு சொல்ற தீவுகள்ல இருந்து வந்தவங்க. டச்சுக்காரன் இங்க 1640ல இருந்து 1796 வரைக்கும் கரையோரத்தை வச்சிருந்தான், அவனுக்கு ஹெட் ஒபீஸ் பத்தாவியா, அதாவது இன்னைக்கு ஜகார்த்தா. அங்க தொல்லை கொடுக்கிற ராஜா, பெரிய மௌலவி எல்லாரையும் கப்பல்ல ஏத்தி இங்க கொண்டு வந்து விட்டுருவான். சுலவேசித் தீவு மக்காசார்ல இருந்து ஷேக் யூசுப்ங்கிற மௌலவி 1684ல இங்க வந்தாரு, இங்கயும் சும்மா இருக்கல, இங்க இருந்தே ஊருக்கு எழுதி அனுப்பிக்கிட்டு இருந்ததால 1694ல தென்னாபிரிக்காவுக்கே தூக்கிட்டாங்க. ஜாவாவுல மாத்தரம் ராஜ்ஜியத்து மன்னர் மூணாவது அமங்குராத்தை 1708ல குடும்பத்தோட இங்க அனுப்பினாங்க, அவரு உயிரோட திரும்பிப் போகவே இல்ல.

இதுல ஒண்ணு கேட்டா ஆச்சரியப்படுவீங்க. அந்தக் காலத்துல ஜாவாக்காரங்க சிலோனை 'சேலோங்'னு சொன்னாங்க. எவ்வளவு பேரை இங்க கொண்டு வந்து தள்ளினாங்கன்னா அந்த மொழியில நாடு கடத்துறதுக்கே 'சேலோங்' பண்றதுன்னு வார்த்தை வந்துருச்சு! நாங்க என்னமோ தேயிலைக்கு வந்தது தான் இந்த நாட்டுக்கு ஆள் ஏத்திக்கிட்டு வந்த முதல் கதைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம்.

ராஜா மட்டும் இல்ல, சிப்பாய், கைதி, அடிமைன்னு நிறையப் பேரு, ஜாவா, மதுரா, அம்போன், மக்காசார், பாலின்னு ஆளுக்கொரு ஊரு. வெள்ளைக்காரன் வந்து அவங்களை வச்சு மலே ரெஜிமென்ட் நடத்தினான், அதைக் கலைச்சது 1873ல, அதுக்கப்புறம் பொலிசுக்கும் தோட்டத்துக்கும் வேலைக்குப் போனாங்க. இங்க வந்து எல்லாரும் ஒரே மலே சமூகமா ஆயிட்டாங்க, அந்த ஊர்ல இந்தோனேசியன்னு ஒரு வார்த்தையே இல்லாத காலத்துல. அவங்க பாஷையைக் கவனிச்சுக் கேளுங்க. அந்தப் பக்கம் 'நான் சாப்பிடுறேன் சோறு'ங்கிற மாதிரி தான் வரிசை வரும், இங்க தமிழ் மாதிரியே 'நான் சோறு சாப்பிடுறேன்'னு கடைசியில தான் வினை வரும். 200, 300 வருசம் நம்ம பக்கத்து வீட்டுல இருந்தா வராதா. பதிலுக்கு நம்ம வீட்டு ஆம்பளைங்க இடுப்புல கட்டுற சாரம் அவங்க சாருங், தொதல் அவங்க டோடோல், ரம்புட்டான்ல இருக்கிற ரம்புட் அவங்க மொழியில மயிரு. வட்டலப்பமும் அவங்க வீட்டு அடுப்புல இருந்து வந்தது தான்னு சொல்லுவாங்க, ஈதுக்கு அடுத்த வீட்டுல இருந்து வருமே, சும்மா சாப்பிட்டுட்டு விடாம கேட்டுப் பாருங்க.

நுவரெலியா வாசகர்: சோழர் போய் தான் அந்த நாட்டுக்கே கலாச்சாரம் கொடுத்தாங்கன்னு வீடியோ பார்த்தேன். பெருமையா இருக்கு!

பெருமைப்படுங்க, ஆனா தேதியை ஒருக்கா பார்த்துட்டு. ராஜேந்திர சோழன் சுமாத்ராவுல இருந்த ஸ்ரீவிஜய ராஜ்ஜியத்து மேல கப்பல் படை அனுப்பினது 1025ல. பொரோபுதூர் கட்டி முடிச்சு அப்பவே 150, 200 வருசம் ஆயிருச்சு. போர்னியோத் தீவுல, கிழக்கு கலிமந்தான்ல குத்தாய்ங்கிற இடத்துல முலவர்மன்னு ஒரு ராஜா பல்லவ எழுத்துல சமஸ்கிருதத்துல கல்லு வெட்டினது கிட்டத்தட்ட கி.பி. 400ல. பேரு முலவர்மன், அவரு அப்பா பேரு அஸ்வவர்மன், ஆனா தாத்தா பேரு குண்டுங்கா, அது உள்ளூர் பேரு. அதாவது உள்ளூர் தலைவருங்க தான் வேணும்கிறதை எடுத்து வச்சுக்கிட்டாங்க, யாரும் போய் ஊட்டி விடல.

சோழன் போனது கொள்ளைக்கும் வியாபாரப் பாதைக்கும் தான். அவனோட அப்பா ராஜராஜன் காலத்துல ஸ்ரீவிஜய ராஜா நாகப்பட்டினத்துலயே சூடாமணி விகாரை கட்டினான், சோழன் அதுக்கு ஒரு கிராமத்தையே எழுதி வச்சான், அந்தளவுக்கு சிநேகம், அப்புறம் தான் சண்டை. வாளை விட கடைக்காரன் தான் ஆழமாப் போனவன்னு நான் சொல்லுவேன். சுமாத்ராவுல பாருஸ்ங்கிற கற்பூரத் துறைமுகத்துக்குப் பக்கத்துல 1088ல வெட்டின தமிழ்க் கல்வெட்டு இருக்கு, ஐந்நூற்றுவர் வணிகக் குழுவோடது. இன்னைக்கும் அவங்க வாயில கடைக்கு 'கெடாய்', கப்பலுக்கு 'கபால்', பெட்டிக்கு 'பெத்தி', சுருட்டுக்கு 'செருத்து'. ராஜேந்திரனை அங்க தெருவுல கேட்டா யாருக்குத் தெரியும், கெடாய் எல்லாருக்கும் தெரியும்.

ராகலை வாசகர்: இந்தோனேசியான்னா என்ன அர்த்தம்?

இந்தியத் தீவுகள்னு கிரேக்க மொழியில ஒட்டுப் போட்ட பேரு. 1850ல ரெண்டு வெள்ளைக்காரங்க யோசிச்சது. அதை ஹொலண்டுக்குப் படிக்கப் போன அந்த ஊர்ப் பிள்ளைங்க 1920கள்ல எடுத்து டச்சுக்காரன் முகத்துக்கு நேரா நீட்டினாங்க.

பண்டாரவளை ஆசிரியர்: 17,000 தீவு, 700க்கு மேல மொழி. எப்படி ஒரே மொழியில ஒத்துக்கிட்டாங்க? இங்க ரெண்டே மொழியை வச்சுக்கிட்டு 1956ல 'சிங்களம் மட்டும்' சட்டத்தால பட்டது போதாதா?

சேர், நான் இந்தக் கேள்விக்குத் தான் காத்துக்கிட்டு இருந்தேன். அங்க ஜாவா இனத்தவங்க தான் ஆகக்கூட, கிட்டத்தட்ட பத்துல நாலு பேரு. அவங்க மொழியில இலக்கியம் ஆயிரம் வருசத்துக்கு இருக்கு. நம்ம நாட்டுக் கணக்குல பார்த்தா 'ஜாவா மட்டும்'னு ஒரு சட்டம் வந்திருக்கணும். வரல. 1928 ஒக்டோபர் 28, பத்தாவியாவுல ஜாவா இளைஞர் சங்கம், சுமாத்ரா இளைஞர் சங்கம், அம்போன், சுலவேசின்னு தனித்தனியா இருந்த பிள்ளைங்க எல்லாம் கூடி ஒரு சத்தியம் பண்ணினாங்க. தாய்மண் ஒண்ணு, இனம் ஒண்ணு, மூணாவது வரியில மட்டும் வார்த்தையைப் பாருங்க, 'மொழி ஒண்ணு'ன்னு சொல்லல, ஒற்றுமை மொழியா இந்தோனேசிய மொழியை உயர்த்திப் பிடிக்கிறோம்னு தான் சொன்னாங்க. வீட்டு மொழியை யாரும் விட வேணாம். அன்னைக்கு ராத்திரி சுப்ரத்மான்னு ஒருத்தர் பின்னால தேசிய கீதமா ஆன பாட்டை வயலின்ல மட்டும் வாசிச்சாரு, பொலிஸ் நிக்குதுன்னு வரியைப் பாடல.

அந்த மொழி என்னன்னா மலாய், துறைமுகத்துல மீன்காரன், மிளகுக்காரன், சீனன், அரபி எல்லாம் விலை பேசின பாஷை. அதைத் தாய்மொழியா பேசினவங்க நூத்துக்கு அஞ்சு பேரு அளவு தான். கூட்டத்துக்கு வந்த படிச்ச பிள்ளைங்க பலருக்கு அதை விட டச்சு தான் சரளமா வரும், அது வேற கதை. ஜாவா மொழியை எடுக்காததுக்கு அரசியல் மட்டும் காரணம் இல்ல. அதுல ஆளைப் பார்த்து வார்த்தை மாறும். சாப்பிடுறதுக்கே சமமானவன்கிட்ட 'மங்கன்', மரியாதைக்கு 'நெடா', பெரிய ஆளைப் பத்திப் பேசினா 'டஹர்'. தொரைக்கு ஒரு தமிழ், கங்காணிக்கு ஒரு தமிழ், கொழுந்து எடுக்கிறவளுக்கு ஒரு தமிழ்னு இருந்தா எப்படி இருக்கும், அந்த மாதிரி. எல்லாரும் சமம்னு சொல்லி நாடு கேக்கப் போறவங்க அந்த மொழியில எப்படிக் கேப்பாங்க? ஜாவாக்கார இளைஞர்களே வேணாம்னு சொன்னாங்க.

இன்னொண்ணு, 1945 ஜூன்ல எழுதின அரசியல் யாப்பு முகவுரையில முஸ்லிம்கள் ஷரியாவைக் கடைப்பிடிக்கணும்னு ஏழு வார்த்தை இருந்துச்சு. சுதந்திரம் அறிவிச்ச மறுநாளே, ஆகஸ்ட் 18, கிழக்குத் தீவுல இருக்கிற கிறிஸ்தவங்க இதோட சேர மாட்டாங்கன்னு சுகர்ணோவோட கூட்டாளி ஹத்தா எடுத்துச் சொல்லி அந்த ஏழு வார்த்தையையும் வெட்டிட்டாங்க. நூத்துக்கு 87 பேர் இருந்தும் விட்டுக் கொடுத்தாங்க. எங்க யாப்புல 1972ல பௌத்தத்துக்கு முதலிடம்னு எழுதினதை சேருக்கு நான் சொல்லித் தரத் தேவையில்ல.

ரொம்ப உருகிடவும் வேணாம். மொழியை விட்டாங்களே தவிர கதிரையை விடல, ஜனாதிபதிங்கள்ல ஹபிபி ஒருத்தரைத் தவிர மத்த எல்லாரும் அப்பா வழியில ஜாவாக்காரங்க தான்.

மஸ்கெலியா வாசகி: அப்படின்னா அங்க சிறுபான்மைக்குப் பிரச்சினையே இல்லையா?

யாரு சொன்னா! 1965-66ல கம்யூனிஸ்ட்னு சொல்லி ஆகக்குறைஞ்சது அஞ்சு லட்சம் பேரைக் கொன்னாங்க. கிழக்குத் தீமோரை 1975ல புடிச்சாங்க, 1999ல அந்த மக்கள் வாக்குப் போட்டுத் தான் வெளியே வந்தாங்க. பப்புவாவுல இன்னும் ஓயல.

பிரஜாவுரிமைக்காக அலைஞ்ச மலையகத் தமிழங்க நமக்கு நெருக்கமான கதை அங்க இருக்கிற சீன வம்சாவளியோடது. தலைமுறை தலைமுறையா அங்கயே பிறந்தவங்க. 1966-67க்கு அப்புறம் பொது இடத்துல அவங்க பண்டிகை கொண்டாடத் தடை, சீன எழுத்துக்குத் தடை, பேரையும் மாத்திக்கச் சொன்னாங்க. இதுக்கெல்லாம் மேல ஒரு பத்திரம், எஸ்.பி.கே.ஆர்.ஐ.ன்னு பேரு, நான் இந்தோனேசியப் பிரஜைன்னு நிரூபிக்கிற துண்டு. பாஸ்போட் எடுக்கப் போனா அதைக் காட்டு, ஸ்கூல்ல சேர்க்கப் போனா அதைக் காட்டு. எங்க அப்பா பிரஜாவுரிமைப் பத்திரத்தை பிஸ்கட் டின்ல போட்டு, டின்னை ட்ரங்குப் பெட்டியில போட்டு, பெட்டிக்குப் பூட்டுப் போட்டு வச்சிருந்தாரு, வீட்டுல நகைக்கே அந்தப் பாதுகாப்பு இல்ல. அதே டின்னு ஜகார்த்தாவுலயும் எத்தனை வீட்டுல இருந்திருக்கும். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ல இந்தோனேசியாவுக்கு முதல் தங்கம் ரெண்டும் பேட்மிண்டன்ல, ஜெயிச்ச சூசி சுசாந்தி, ஆலன் புடிகுசுமா ரெண்டு பேரும் சீன வம்சாவளி. மேடையில கொடி ஏறுறப்ப அவங்க சமூகத்துக்கு அந்தப் பத்திரம் இன்னும் தேவைப்பட்டுக்கிட்டு தான் இருந்துச்சு. பண்டிகைத் தடையை ஜனாதிபதி குஸ் துர் 2000ல எடுத்தாரு, அவரு ஒரு பெரிய மௌலவி.

அக்கரப்பத்தனை வாசகர்: நம்ம ஆளுங்களையும் அங்க தோட்டத்துக்குக் கொண்டு போனாங்களா?

போனாங்க. வட சுமாத்ராவுல டெலின்னு ஒரு பகுதி, 1860கள்ல இருந்து டச்சுக்காரன் புகையிலைத் தோட்டம் போட்டான். சீனர், ஜாவாக்காரர், தமிழர்னு கூலி. 1880ல கூலிச் சட்டம் போட்டாங்க, ஒப்பந்தத்தை மீறி ஓடினா ஜெயில். மேடான் நகரத்துல ஸ்ரீ மாரியம்மன் கோயில் இருக்கு, கட்டினது 1884ல. அந்த ஏரியாவுக்கு இப்ப கம்போங் மெட்ராஸ்னு பேரு. அங்க இருக்கிற தமிழ்ப் பிள்ளைங்க பலருக்குத் தமிழ் எழுதத் தெரியாது, ஆனா ஆத்தாவுக்குப் பொங்கல் வைக்கத் தெரியும்.

ஹட்டன் வாசகர்: பஸ் ஸ்டேண்ட் ஹோட்டல்ல தர்ற நாசி கோரெங் உண்மையா அந்த ஊரு சாப்பாடு தானா?

நாசின்னா சோறு, கோரெங்னா பொரிச்சது. நேத்து மீந்த சோத்தை காலையில வதக்கிறது. அங்க கேச்சாப் மானிஸ்னு இனிப்பு சோயா சோஸ் ஊத்துவாங்க, நம்ம ஹோட்டல்ல தக்காளி சோஸை ஊத்தி மேல முட்டையை வச்சுட்டு 200 ரூபா கூட எடுக்கிறாங்க.